காமாலைக்கு மருந்து கேட்டு வருபவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாசி வீதிகளைச் சுற்றியும், உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் கடைத்தெருக்களிலும் நாட்டு மருந்துக் கடை நடத்தும் அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். நான் இந்த ஊரில் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்ப்பவன். ஒரே ஒரு வேண்டுகோளோடு எழுதுகிறேன். "காமாலைக்கு மருந்து குடுங்க" என்று வந்து நிற்பவரிடம், பொட்டலம் மடிக்கும் முன், "ஹெபடைடிஸ் பி, சி ரெண்டுக்கும் ரத்தம் குடுத்துப் பாத்தாச்சா?" என்று கேளுங்கள். கண் மஞ்சளானால் பலரும் முதலில் ஏறுவது உங்கள் கடைப் படியில்தான். டாக்டர் சொல்லிக் கேட்காதவர்கூட நீங்கள் சொன்னால் கேட்பார்.

கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்தேன், தெளிந்துவிட்டது என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அசுத்தமான தண்ணீர், சாப்பாடு வழியாக வரும் ஏ, இ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களில் பியும் சியும் வேறு ரகம். சுத்தம் செய்யாத ஊசி, சவரக் கத்தி, பச்சை குத்தும் ஊசி என்று ரத்தம் வழியாகப் பரவுபவை. பி தாயிடமிருந்து பிறக்கும் பிள்ளைக்கும், உடலுறவு வழியாகவும் போகும். மஞ்சள் வராமலே உள்ளே தங்கலாம்; வந்து இறங்கிய பின்னும் தங்கலாம்.

இதை நான் தினமும் பார்க்கிறேன். கண்புரை ஆபரேஷனுக்கு முன் சோதனைக்கு வந்தவராக இருப்பார். அவருடைய சீரம் எல்லோருடையதையும் போல வெளிறிய வைக்கோல் நிறம்தான். சோதனை அட்டையில் சில சொட்டு விட்டுக் காத்திருந்தால் இரண்டாவது கோடு மெல்ல எழுந்து வரும்; வைரஸ் இருக்கிறது என்று அர்த்தம். உடம்பில் ஒரு கோளாறும் இல்லையே என்பார். அன்றைக்கு அவர் சொல்வது உண்மைதான்.

ஆனால் கல்லீரலுக்குள் வேறு நடக்கிறது. ஒவ்வொரு செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உறுப்புகள் ஆக்ஸிஜனைக் கொண்டு சக்தி தயாரிக்கின்றன. அடுப்பிலிருந்து பொறி தெறிப்பதுபோல, அந்த வேலையில் சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற துடுக்கான மூலக்கூறுகளும் கொஞ்சம் வெளிவரும். அவற்றை அடக்க செல்லிடம் குளுட்டாதயோன் இருக்கிறது. பி வைரஸின் எக்ஸ் புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் மேல் போய் ஒட்டிக்கொண்டு அதன் மின்னழுத்தத்தைக் குலைக்கிறது. சி வைரஸின் கூட்டுப் (கோர்) புரதமும் அங்கேயே ஒட்டி, கால்சியத்தை அளவுக்கு மீறி உள்ளே இழுக்க வைக்கிறது. அந்த மூலக்கூறுகள் பெருகி, குளுட்டாதயோன் கரைகிறது. இதைத்தான் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள். செல்லின் கொழுப்புச் சவ்வும் மரபணுவும் அடிபடுகின்றன. பக்கத்தில் சும்மா இருந்த ஸ்டெல்லேட் செல்கள் விழித்துத் தழும்பு நார் நூற்கத் தொடங்குகின்றன. வருடக்கணக்கில் இது நடந்தால் கல்லீரல் சுருங்குகிறது; சிலருக்குப் புற்றுநோயில் முடிகிறது. குடிப்பவருக்கு இன்னும் வேகம். சாராயத்தைச் செரிக்கும்போதும் அதே மூலக்கூறுகள்தான் பிறக்கின்றன.

இரும்பு விஷயத்தை உங்களிடம் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். சி வைரஸ், ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் குறைத்துவிடுகிறது. குடல் உறிஞ்சும் இரும்புக்குக் கடிவாளம் போடுவது அதுதான். கடிவாளம் தளர்ந்தால் கல்லீரலில் இரும்பு சேரும். அது ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்தால் ஹைட்ராக்சில் பிறக்கும். இந்தக் கூட்டத்திலேயே மிகக் கொடியது அதுதான். சோகைக்கும் காமாலைக்கும் சேர்த்து இரும்புள்ள அயச் செந்தூரம், அன்னபேதிச் செந்தூரம் கேட்பவர்கள் உங்களிடம் வருவார்கள். என்ன காமாலை என்று தெரியாமல் அதைக் கொடுக்காதீர்கள். சித்த மருத்துவர் சீட்டு இருந்தாலும் முதலில் சோதனை நடக்கட்டும்.

"கல்லீரல் சுத்தம்", "ஆன்டிஆக்ஸிடன்ட்" என்று பளபளக்கும் டப்பாக்கள் இப்போது உங்கள் அலமாரிக்கும் வருகின்றன. அந்த ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் இருப்பது உண்மை என்பதால் அந்த விளம்பரம் நம்பும்படி இருக்கிறது. ஆனால் அழுத்தத்தைப் பிறப்பிக்கும் வைரஸ் அப்படியே இருக்கிறதே! கீழாநெல்லிக்கே நம் சென்னையில் ஆய்வு நடந்தது. 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு பி வைரஸின் அடையாளப் புரதம் ரத்தத்தில் மறைந்ததாகச் சொன்னது. பெரிய நம்பிக்கை பிறந்தது. பின்னர் மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. கீழாநெல்லி விற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை நம்பி ஒருவர் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது, அவ்வளவுதான்.

ஏனென்றால் இன்று மருந்து இருக்கிறது. சி வைரஸுக்கு சோபோஸ்புவிர், டக்ளாடஸ்விர் மாத்திரைகள். பெரும்பாலோருக்கு 12 வாரம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு வைரஸ் அடியோடு போய்விடுகிறது. பி வைரஸைப் பெரும்பாலும் ஒழிக்க முடியாது; ஆனால் தேவைப்படுவோருக்கு டெனோஃபோவிர் அதை அடக்கி வைக்கும். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் மாத்திரையும் இலவசம். ஆகவே நம் பெரியாஸ்பத்திரிக்கு வழி சொல்லுங்கள். வீட்டில் ஒருவருக்கு பி என்றால் மற்றவர்களும் சோதித்து, இல்லாதவர்கள் மூன்று தவணை தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும். பிறந்த குழந்தைக்கு முதல் ஊசி 24 மணி நேரத்துக்குள் விழ வேண்டும்.

கல்லாப் பக்கத்தில் ஒட்டும் அளவுக்கு ஒரு சின்ன அட்டை நான் எழுதித் தருகிறேன். அச்சுக்கூலியும் என் பொறுப்பு. காமாலையோடு பேச்சுக் குழறினாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, வந்திருப்பவர் கர்ப்பிணியாக இருந்தாலோ, மருந்தே கட்ட வேண்டாம். கர்ப்பக் கடைசி மாதங்களில் இ வகை தாயின் உயிரையே எடுக்கும். நேரே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு பரிசோதனைக் கூட ஊழியர், மதுரை