லொறி மிஸ் அடிச்ச கதை

மச்சான்,

உன்ரை வொய்ஸ் ரெண்டும் கேட்டனான், பதில் போடப் பிந்திட்டுது, கோவிக்காதை. காலபோக வெட்டு முடிஞ்சு நெல் ஏத்துற நேரம், ராப்பகலா லொறியோடைதான் கிடந்தனான். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைஞ்சிருக்கு, நீ எப்ப வாறாய் எண்டு கேட்டவ. இஞ்சை எல்லாரும் சுகம்.

லொறி என்ன மாதிரி எண்டு கேட்டாய் தானே. உனக்கு விவரமாச் சொல்லோணும், ஏனெண்டா நீயும் நானும் ஒரு கராஜிலை தொழில் பழகினாக்கள், உனக்குத்தான் இது விளங்கும்.

அதே பழைய இசுசு எல்ஃப் லொறிதான், 4பிடி1 டீசல் எஞ்சின், 3.9 லீற்றர். மார்கழியிலை மிஸ் அடிக்க, அதாவது சிலிண்டர் ஒண்டு சரியா எரியாமல் விட்டுவிட்டு ஓட, தொடங்கினது. மாங்குளத்திலை ஏத்திக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் வர ஒட்டுசுட்டான் தாண்டினவுடனை எஞ்சின் குலுங்கும், இழுவை விழும், பின்னாலை வெள்ளைப் புகை, கண் எரியிற பச்சை டீசல் மணம். ஓரங்கட்டி, கையாலை டீசல் ஏத்துற ஹாண்ட் பம்பை நாலு தரம் அடிச்சா ஒண்டுமே நடக்காத மாதிரி ஓடும். அந்த ஹாண்ட் பம்ப் விசயத்தை அண்டைக்கே யோசிச்சிருக்கோணும் மச்சான், யோசிக்கேல்லை.

கொண்டுபோன கராஜிலை ஐடிலிலை ஓடவிட்டு, சிலிண்டருக்கு டீசல் கொண்டுபோற இஞ்செக்டர் பைப் நட்டை ஒவ்வொண்டா இளக்கிப் பாத்தாங்கள். நல்ல சிலிண்டரை இளக்கினா எஞ்சின் தடுமாறும், செத்த சிலிண்டரை இளக்கினா சத்தம் மாறாது, உனக்குத் தெரியும் தானே. மூண்டாம் நம்பர் மாறேல்லை. உடனை நொசில், அதுதான் டீசலைச் சீறுற முனை, பழுது எண்டு முடிவெடுத்து நாலையும் மாத்தினாங்கள், நல்ல காசு போச்சு. வெளிக்கிடேக்கை டாங்கையும் நிரப்பிக்கொண்டு வந்தனான். ரெண்டு கிழமை தங்கமா ஓடிச்சுது, பிறகு பழைய குருடி கதவைத் திறவடி.

2022இலை டீசலுக்கு லைன்லை நிண்ட காலம் ட்ரம்மிலை வாங்கி ஊத்தினது ஞாபகம் வந்து டாங்கையும் இறக்கிக் கழுவினன். அடியிலை கறுப்பாச் சளி மாதிரிக் கொஞ்சம் கிடந்ததுதான், பில்டரும் மாத்தினன், ஆனா மிஸ் போகேல்லை.

அதுக்குப் பிறகுதான் சின்னவன்ரை கொப்பி ஒண்டை எடுத்து, ஒவ்வொரு முறை மிஸ் அடிக்கேக்கையும் எஞ்சின் சூடோ குளிரோ, லோட் எவ்வளவு, மழையோ வெயிலோ, டீசல் முள்ளு எங்கை நிக்குது எண்டு எழுதினன். ஆறு தரம் எழுதினன், ஆறு தரமும் முள்ளு அரைக்குக் கீழை. எனக்கு நெஞ்சு திக்கெண்டுது. இன்னொண்டு, நான் பைப் இளக்கிப் பாக்கேக்கை ஒரு நாள் மூண்டாம் நம்பர், மற்ற நாள் ஒண்டாம் நம்பர். நொசில் பழுதெண்டா அது ஒரே சிலிண்டரிலைதானே நிக்கோணும், இடம் மாறாது. அப்ப டீசல் லைன் எங்கையோ எயார் எடுக்குது, ஹாண்ட் பம்ப் அடிக்க ஓடினதும் அதாலைதான். அண்டைக்கு டாங்க் நிரம்பி இருந்ததாலைதான் லொறி ஓடினது மச்சான், புது நொசிலாலை இல்லை.

மேசன்மார் மட்டம் பாக்கிற கண்ணாடி மாதிரிக் குழாய் இருக்கெல்லே, அதிலை ஒரு முழம் வெட்டி பம்புக்கு டீசல் வாற லைன்லை போட்டன். ஸ்டார்ட் பண்ணிக் குனிஞ்சு பாக்கிறன், உளுந்து அளவிலை குமிழி ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா ஓடுது. பிறகு கேன் ஒண்டிலை டீசல் விட்டு எஞ்சினுக்கு மேலை கட்டித் தூக்கி, டாங்க் லைனை விட்டுட்டு அதிலையிருந்து எடுத்தன். ஒரு குமிழி இல்லை, அரை மணித்தியாலம் ஓடவிட்டும் மிஸ் இல்லை. டாங்க் பக்கம் போற ரப்பர் ஹோஸைக் கழட்டி மடிச்சுப் பாக்க, கிளிப்புக்குக் கீழை மயிர் அளவு வெடிப்பு. உறிஞ்சிற பக்கம் எண்டபடியாலை டீசல் வெளியிலை ஒரு சொட்டும் கசியாது, எயார்தான் உள்ளுக்குப் போகும். டாங்கிலை டீசல் இறங்க இறங்க பம்ப் கூட இழுக்கோணும், அப்பதான் வெடிப்பு வாய் திறக்கும்.

புது ஹோஸ், ரெண்டு கிளிப், அவ்வளவுதான் செலவு. லைன் மூட்டுக்குப் போடுற செம்பு வாசர் கடையிலை இல்லை, பழசையே சிவக்கக் காச்சித் தண்ணியிலை போட்டு மெதுவாக்கிப் பூட்டினன். சண்டைக் காலத்துப் பொருளாதாரத் தடை நேரம் எங்கடை கராஜ் பாஸ் காட்டித் தந்த வேலை. பெற்றோல் சொட்டிலை ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணையிலை கார் ஓட்டின காலம், ஒஸ்டின் காரின்ரை ஸ்பார்க் பிளக்கை நீயும் நானும் மாறி மாறித் தேய்ச்ச கை இன்னும் கரி மணக்குது எண்டு நினைப்பன். அந்த மனுசன் ஒரு சாமானை மாத்த முதல் மூண்டு தரம் கேப்பார், எப்ப மிஸ் அடிக்குது எண்டு. நான் அதைக் கேக்காமல் நாலு நொசில் வாங்கினது இன்னும் மனசுக்கை குத்துது.

திறந்த கையோடை குளிர் எஞ்சினிலை வால்வ் கிளியரன்ஸ், வால்வ் இடைவெளியும் பாத்தன், 0.40 மில்லிமீற்றர் வரோணும், ரெண்டாம் நம்பர் எக்ஸ்ஹோஸ்ட் இறுகி இருந்தது, சரிப்படுத்தினன்.

முந்தநாள் வேணுமெண்டே கால் டாங்கோடை நெல் ஏத்தி முல்லைத்தீவு மட்டும் ஓடினன். ஒட்டுசுட்டான் தாண்டேக்கை ரேடியோவை நிப்பாட்டிப்போட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தனான். ஒருக்காலும் குலுங்கேல்லை.

அங்கத்தைப் பனி எப்பிடி? உன்ரை முதுகு நோவுக்கு மருந்து எடுத்தியோ எண்டு எழுது. நாளைக்குப் புதுக்குடியிருப்பிலை லோட் கிடக்கு, விடியக்காலமை வெளிக்கிடோணும், படுக்கப் போறன்.

உன்ரை மச்சான்