பூங்காவுக்குத் தூக்கிப்போக ஒரு நாற்காலி

அன்புள்ள ரவி,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். பூங்காவுக்குத் தூக்கிப்போய் உட்கார்ந்து வாசிக்க ஒரு நாற்காலி செய்யணும் என்று எழுதியிருந்தாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

மடக்கு நாற்காலி வேண்டாம். ஆணி, போல்ட், கீல் என்று எதுவும் இல்லாத இரட்டைப் பலகை நாற்காலியே உனக்குச் சரி. ஆப்பிரிக்காவில் நெடுங்காலமாகப் புழங்குவது. முதுகுப் பலகையில் ஒரு துளை, உட்காரும் பலகையின் வால், அதாவது ஒடுங்கிய பின்பகுதி, அதற்குள் நுழைந்து பின்னால் தரையைத் தொடும். அவ்வளவுதான். இருக்கை முன்பக்கம் உயர்ந்திருப்பதால் தொடையும் மேல்நோக்கிச் சாயும். புத்தகத்தைக் கையில் தாங்க வேண்டாம், மடியே தாங்கும். வாசிக்கிறவனுக்குக் கைப்பிடியைவிட இதுதான் முக்கியம்.

மரம் குமிழ் தேக்காக இருக்கட்டும். கீழே சொல்லும் அளவுக்கு நன்றாகக் காய்ந்த குமிழில் நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும்; அசல் தேக்கு என்றால் ஐந்தரை. தோளில் மாட்டி நடக்கும்போது அந்த ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வித்தியாசம் தெரியும். பத்து அங்குல ஒற்றைப் பலகை காயக் காய வளைந்துவிடும். ஐந்து அங்குலப் பட்டை இரண்டை ஒட்டிக்கொள்வது நல்லது.

முதுகுப் பலகை 90 செ.மீ. நீளம், 25 அகலம், 22 மி.மீ. தடிமன். உட்காரும் பலகை 98 செ.மீ.: முன் 40 செ.மீ. முழு அகலம், மீதி 58 செ.மீ. வால், அகலம் 11. முதுகுப் பலகையின் அடியிலிருந்து 24 செ.மீ. உயரத்தில் துளை. பூட்டி நிறுத்தினால் இருக்கையின் முன்விளிம்பு தரையிலிருந்து 35 செ.மீ., முதுகுக்கும் இருக்கைக்கும் இடையே ஏறக்குறைய 99 பாகை.

துளையில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். நேராக வெட்டக் கூடாது. 9 பாகை சாய்வு வேண்டும். பலகையின் முன்முகத்தில் இருப்பதைவிடப் பின்முகத்தில் துளை மூன்றரை மி.மீ. மேலே இருக்க வேண்டும். தலைகீழாகச் சாய்த்துவிட்டால் முதுகும் இருக்கையும் நெருங்கி, வயிற்றை மடக்கி உட்கார வைக்கும். துளையின் உயரம் 24 மி.மீ., அகலம் 11.3 செ.மீ. இறுக்கமாக வேண்டும் என்று ஆசாரி மில்லிமீட்டரைப் பிடித்துத் தொங்கினால் சம்மதிக்காதே. ஐப்பசி மழையில் மரம் ஊதும், வால் துளைக்குள் சிக்கிக்கொள்ளும், சுத்தியல் தேட வேண்டியிருக்கும்.

துளையின் நாலு மூலையிலும் முதலில் துரப்பணத்தால் ஓட்டை போட்டுவிட்டு ரம்பம் வைக்கச் சொல். கூரான மூலையிலிருந்துதான் ரேகையோடு விரிசல் ஓடும். உட்காரும் பலகை ஒடுங்கி வால் தொடங்கும் தோளிலும் அதே வளைவு விடணும். அந்த வளைவு இடிக்காதபடி துளையின் முன்வாயைக் கொஞ்சம் சீவிவிடணும். வால் தொடங்கும் அந்தக் கழுத்துப் பகுதியில் மரத்தில் முடிச்சு இருக்கவே கூடாது. மொத்த எடையும் அங்கேதான்.

முதுகுப் பலகையின் அடியைத் தரைக்கு இணையாக, நேர் வெட்டிலிருந்து 30 பாகை சாய்த்து அறுக்கணும். மொசைக் தரையில் வழுக்கும், ஆகவே அடியிலும் வால் நுனியிலும் பழைய சைக்கிள் ட்யூப் ஒரு பட்டை ஒட்டிவிடு. கடற்கரை மணலில் நாலு கால் நாற்காலி மாதிரி புதையாது. பலகையின் அகலம் தாங்கும். இருக்கையின் முன்விளிம்பை நன்றாக உருட்டாவிட்டால் அரைமணியில் கால் மரத்துப்போகும். நுனியில் மட்டும் உட்கார்ந்தால் குப்புறத் தள்ளும், பேத்தியை அதில் ஏற விடாதே.

பிரெஞ்சு பாலிஷ் வேண்டாம்: தண்ணீர் பட்டால் வெளுக்கும், வியர்வையில் சட்டை ஒட்டும். ஆளி விதை எண்ணெய் இரண்டு பூச்சு போதும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதே, தானாகவே தீப்பிடிக்கலாம், விரித்துக் காயப்போடு.

அப்பாவுக்கும் ஒன்று என்று எழுதியிருந்தாய். அவருக்கு இது ஒத்துவராது. 35 செ.மீ. உயரத்திலிருந்து எழுந்திருக்க அவர் மூட்டு விடாது. பிடித்து எழக் கைப்பிடியும் இல்லை. அவருக்கு வேறு ஒன்று யோசிப்போம்.

பலகை வாங்கப் போகும்முன் ஒரு போன் பண்ணு.

அன்புடன்,
குமார்