ஞாயிற்றுக்கிழமைத் தீர்மானத்தை எதிர்த்து ஒரு திறந்த மடல்

எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர், செயலாளர், நிருவாக சபை உறுப்பினர்களுக்கும், இத்தீர்மானத்தைக் கொண்டுவருமாறு வெளிநாடுகளிலிருந்து கேட்டு எழுதியிருக்கும் ஊர்ச் சங்கத்து உறவுகளுக்கும்,

வணக்கம்.

எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை பொதுநோக்கு மண்டபத்தில் கூடவிருக்கும் பொதுக்கூட்டத்தில், வாய்க்கால் கரையில் வாழ்ந்த அம்மாவின் சாவுக்குக் காரணமானவர்கள் என்று கூறி இரண்டு இளைஞர்களின் குடும்பங்களையும் ஊரின் நல்லது கெட்டதுகளிலிருந்து விலக்கிவைப்பதென்றும், கோவில் திருவிழா உபயத்திலிருந்து அவர்களின் பெயர்களை நீக்குவதென்றும் தீர்மானம் கொண்டுவரப்படவுள்ளதாக அறிகிறேன். அத்தீர்மானத்தை நான் எதிர்க்கிறேன். கூட்டத்தில் எழுந்து சொல்லலாம்தான்; ஆனால் சென்ற கூட்டத்தில் மாற்றுக் கருத்துச் சொல்ல எழுந்தவரை இருத்திய வேகத்தைப் பார்த்த பிறகு, காரணங்களை எழுத்தில் தருவதே பொருத்தமெனப் பட்டது.

நடந்ததை முதலில் ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும், ஏனெனில் ஊரில் இப்போது அதற்குப் பல வடிவங்கள் உலாவுகின்றன. பள்ளிக்கூடம் முடித்து வேலையின்றி இருந்த இரண்டு பெடியள், தொலைபேசியில் ஆட்களை ஏமாற்றிப் பதிவு செய்து வெளியிடும் ஒரு காணொளி அலைவரிசைக்காக, அந்த அம்மாவுக்கு அழைப்பெடுத்து, கொழும்பிலுள்ள அரச அலுவலகம் ஒன்றிலிருந்து பேசுவதாகவும், அவருடைய மகனைப் பற்றித் தகவல் கிடைத்திருப்பதாகவும், மறுநாள் காலை மகனின் படத்தோடும் அடையாள அட்டையோடும் கிளிநொச்சிக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) வரவேண்டுமென்றும் சொன்னார்கள். மகன், போரின் இறுதி நாட்களில், 2009 மே மாதம் வட்டுவாகலில் தாயின் கண் முன்னே இராணுவத்திடம் கையளிக்கப்பட்டுக் காணாமலாக்கப்பட்டவன். அவர் யாருக்கும் சொல்லாமல் முதல் பஸ்ஸில் போய், அலுவலகம் பூட்டும்வரை இருந்துவிட்டுத் திரும்பினார். இரண்டொரு நாளில் காணொளி வெளியானது. அது பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றின் கையிலிருந்த போனில் அவர் கண்ணிலும் பட்டது. அந்தக் கிழமை முடிவதற்குள் விழுந்தார். மாவட்ட வைத்தியசாலையில் நினைவு திரும்பாமலே இறந்தார்.

மரணச் சான்றிதழில் மூளையில் குருதிக் கசிவு என்றிருக்கிறது. அவருக்கு நெடுங்காலமாக உயர் குருதியமுக்கம் இருந்தது. மருந்தை ஒழுங்காக எடுப்பவரும் அல்லர், இதற்காக நானே அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன். ஓர் அதிர்ச்சி அந்தக் குருதிக் குழாயை வெடிக்கவைத்ததா, அது எப்படியும் வெடிக்கவிருந்ததா என்பதை எந்த வைத்தியராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. எனவே துண்டுப்பிரசுரத்தில் நீங்கள் அச்சிட்டிருக்கும் ‘கொலை’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அதே நேரம், ‘வயசான மனுசி, எப்பிடியும் போயிருக்கும்’ என்று அந்தப் பெடியளின் வீட்டார் சிலர் சொல்வதையும் ஏற்க மாட்டேன். அவரது கடைசி நாட்களை அந்த அழைப்பு பாழாக்கியது. அதில் ஐயமே இல்லை.

வெளியூரார் எவராவது இதை வாசித்தால், ஒரு தொலைபேசி அழைப்புக்கா இவ்வளவு என்று நினைக்கக்கூடும். வன்னியில் அது சாதாரண அழைப்பல்ல. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரி 20 அன்று கொட்டகை போட்டுப் போராட அமர்ந்த தாய்மாரில் பலர் பிள்ளையைக் காணாமலே கண்ணை மூடிவிட்டார்கள். மிஞ்சியிருப்பவர்கள் தொலைபேசி இலக்கத்தை மாற்றுவதில்லை; தெரியாத இலக்கமென்றால் முதல் மணியிலேயே எடுப்பார்கள். உங்கள் மகனைக் கண்டேன் என்று சொல்லிக் காசு பறித்தவர்களை நாங்கள் ஏற்கெனவே கண்டிருக்கிறோம். இதெல்லாம் அந்தப் பெடியளுக்குத் தெரியாதென்று சொல்ல முடியாது, அவர்களும் இந்த மண்ணில் வளர்ந்தவர்கள்தான். குண்டுச் சத்தத்துக்குள் குழந்தைகளாக இருந்தவர்கள். அந்தக் காத்திருப்பைப் பார்த்துப் பார்த்தே அதன் பாரம் மரத்துப்போனவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இது அவர்களைக் காப்பாற்றச் சொல்லும் நியாயமன்று.

அந்தக் காணொளியை நீக்குமுன் நான் ஒருமுறை முழுவதுமாகப் பார்த்தேன். ‘உங்கட மகன் இருக்கிறார்’ என்ற குரல் வந்ததும் அந்த அம்மா எங்கே என்று கேட்கவில்லை. எப்போது விடுவீர்கள் என்றும் கேட்கவில்லை. ‘தம்பி, அவன் சாப்பிட்டவனோ?’ என்று கேட்டார். அந்த இடத்தில் பலர் சேர்ந்து சிரிக்கும் ஓசையைப் பின்னணியில் இணைத்திருந்தார்கள். அதை இணைத்தது அழைப்பெடுத்த பெடியள் அல்லர். ஒலியைக் கூட்டிக் குறைத்து, இடையில் விளம்பரம் வைத்து, தலைப்பு எழுதி, வெளியிடும் பொத்தானை அழுத்தியவர்கள் வேறெங்கோ அறைக்குள் இருப்பவர்கள். சிரிப்பு அடையாளங்களைக் கீழே இட்டவர்களில் நமது ஊர் முகங்களையும், தீர்மானத்தை அனுப்பியிருக்கும் வெளிநாட்டுப் பெயர்களையும் கண்டேன். யாரென்று எழுதப்போவதில்லை. சாவு நடந்த அன்றே அந்தச் சிரிப்புகள் மறைந்து, அதே பெயர்களின் கீழ் கண்ணீர் அடையாளங்கள் வந்துவிட்டன.

இவ்விடத்தில், எங்கள் தாதியர் தொழிலில் உள்ளவர்கள் மறக்காத ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2012 டிசம்பர் 4 அதிகாலை, சிட்னியின் 2டே எவ்.எம். வானொலி அறிவிப்பாளர் இருவர் எலிசபெத் மகாராணியாகவும் இளவரசர் சார்ள்ஸாகவும் நடித்து, லண்டனில் ஏழாம் எட்வேர்ட் மன்னரின் பெயரிலமைந்த வைத்தியசாலைக்கு அழைப்பெடுத்தார்கள். இளவரசர் வில்லியத்தின் கருவுற்றிருந்த மனைவி கடும் வாந்தியால் அங்கே அனுமதிக்கப்பட்டிருந்தார். அந்த நேரத்தில் வரவேற்பாளர் கடமையில் இல்லாததால், அழைப்பை எடுத்தவர் இந்தியாவிலிருந்து போய் வேலை பார்த்த ஒரு தாதி. அவர் செய்ததெல்லாம் அழைப்பை விடுதியிலிருந்த மற்றொரு தாதிக்கு இணைத்துவிட்டது மட்டுமே. இரவுக் கடமை முடியும் தறுவாயில், கண் எரியும் நேரத்தில், மேலிடத்துக் குரல் கேட்டால் எந்தத் தாதியும் அதைத்தான் செய்வாள், நானும் செய்திருப்பேன். பதிவு செய்யப்பட்ட உரையாடல் சட்டத்தரணிகளின் பார்வைக்குப் போய் வந்த பிறகே ஒலிபரப்பானது. உலகமே கேட்டுச் சிரித்தது. மூன்றாம் நாள், டிசம்பர் 7 அன்று, அந்தத் தாதி தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அதன் பின்னர் நடந்ததை உற்றுப் பார்க்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் கோபம் முழுவதும் இரண்டு அறிவிப்பாளர்கள் மேல் இறங்கியது. கொலை மிரட்டல்கள் வந்தன, அவர்கள் மறைந்திருக்க நேர்ந்தது. நிலையத்தை நடத்திய நிறுவனம் அனுதாபம் தெரிவித்து, அந்தக் குடும்பத்துக்காக ஐந்து இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் ஒதுக்கியது. ஆனால் ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இது தொடர்பான விசாரணையைத் தொடங்கியபோது நீதிமன்றம் போய் வழக்காடியது. அதிகாரசபைக்கு அந்த அதிகாரம் உண்டென்று அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2015 மார்ச் மாதத்தில். குரல் கொடுத்தவர்களுக்குத் தண்டனை அன்றைக்கே கிடைத்தது. ஒலிபரப்பியவர்கள் பதில் சொல்லத் தொடங்க இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சென்றது. முன்னையது ஊரின் கோபத்தால் நடந்தது, பின்னையது ஒரு சிலர் விடாமல் கேட்டதால் நடந்தது. இறுதியில், ஊடக ஒழுக்கத்தையும் உளநலத்தையும் பற்றி மூன்று மணி நேர நிகழ்ச்சியை அந்த வானொலியே ஒலிபரப்ப வேண்டுமென்று அதிகாரசபை பணித்தது.

இன்னொன்றும் நடந்தது. 2014 செப்டெம்பரில் லண்டனில் மரண விசாரணை நடந்தபோது, அறிவிப்பாளர்களில் ஒருவரான பெண் அங்கே நேரில் போய், இறந்தவரின் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டார். அவர்கள் மன்னித்தார்களா என்பது அவர்களுடைய விடயம். அவருக்கு அந்த வாசல்வரை போக வழி இருந்தது. நீங்கள் நிறைவேற்றப்போகும் தீர்மானத்தின்படி, எங்கள் பெடியள் இருவரும் அந்த அம்மாவின் மகளுடைய படலையடிக்குப் போகவே முடியாது. அந்த மகளிடம் இதுவரை ஊரில் எவராவது உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்களா? நான் கேட்டேன். தாயின் குரல் உள்ள அந்தக் காணொளி எல்லா இடத்திலிருந்தும் நீங்க வேண்டும் என்றார். நீங்களோ அஞ்சலிக் காணொளிகளில் அதே குரலை வெட்டி ஒட்டி, சோக இசை சேர்த்துப் பரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். சந்தியில் கட்டியிருக்கும் பதாகையில் அந்த அம்மாவின் படத்தைவிடப் பதாகை போட்டவர்களின் பெயர்கள் பெரிதாக இருப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

கோபமே கூடாதென்று நான் வாதிடவில்லை. 1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவன் ஒருவன், எங்கள் தமிழ்ப் பிள்ளை, மூத்த மாணவரின் பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது எழுந்த கோபம், மறு ஆண்டே பகிடிவதையைத் தடைசெய்யும் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டமாக மாறியது. பகிடிவதை ஒழிந்துவிடவில்லை என்பது உண்மைதான். ஆயினும் அதன் பிறகு வந்த பிள்ளைகளுக்கு முறையிட ஓர் இடம் இருக்கிறது. நமது கோபம் இரண்டு வீட்டுப் படலைகளில் கல்லாக விழுந்ததோடு சரி. ஒரு பெடியனின் தகப்பன், தனது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறார்களில்லை என்று என்னிடம் சொன்னார். இரணைமடுக் குளத்துத் தண்ணீருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கமக்காரர் அமைப்பினர் விளக்க வேண்டும்.

அந்த இளைஞர்களில் சின்னவனைப் போய்ப் பார்த்தேன். நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, போனில் வரும் வசைகளை ஒன்றும் விடாமல் வாசித்துக்கொண்டிருக்கிறான். அவனைத் தனியே விடவேண்டாம் என்று தாயிடம் சொல்லி, 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை எழுதிக்கொடுத்து, வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக ஒழுங்கு செய்திருக்கிறேன். போர்க்காலத்தில் விடுதியில் நின்றவள் என்ற முறையில், எந்த முகம் எதை நோக்கிப் போகிறது என்பதை ஓரளவு அறிவேன். இந்த ஊரில் இதே காரணத்துக்காக இன்னொரு செத்தவீடு நடந்தால், அதற்கும் பதாகை அடிப்பீர்கள் என்பதையும் அறிவேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை விலக்கிவைக்கும் தீர்மானத்தை மீளப்பெறுங்கள். அரச உத்தியோகத்தர் போல் நடித்தது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். அதைப் பொலிசாரும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளட்டும், வாக்குமூலம் கொடுக்க இரு பெடியளும் தாமாகவே போகத் தயாராக இருக்கிறார்கள். பொலிஸ் முறைப்பாட்டில் அலைவரிசையை நடத்துபவர்களின் பெயர்களும் சேர்க்கப்பட வேண்டும். அதைச் சங்கத்தின் கடிதத்தலைப்பில், சங்க முத்திரையோடு கொடுங்கள். ஊர்ச் சங்கத்து உறவுகள் நினைவு மண்டபத்துக்கென்று சேர்க்கும் பணத்தில் ஒரு பகுதியை ஒரு சட்டத்தரணிக்குக் கொடுத்தால், அந்தக் காணொளியின் பிரதிகளை நீக்கச் சட்டப்படி அழுத்தம் கொடுக்கலாம். அந்தியேட்டிக்கு முன்னர் இரு குடும்பங்களும் அந்த மகளிடம் போக விரும்பினால், போவதா இல்லையா என்பதை அவரே சொல்லட்டும். வழியில் நின்று மறிக்க எவருக்கும் உரிமை இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு தீர்மானம் நிறைவேற்றப்படுமாயின், எதிர்த்து வாக்களித்தவர்களின் பெயர்களைக் கூட்ட அறிக்கையில் பதியுமாறும், அதில் எனது பெயரை முதலாவதாக எழுதுமாறும் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
சங்கத்தின் ஆயுட்கால உறுப்பினர்.