சேர்க்கை நாளிலேயே சொல்லிவிடுங்கள்: நுண்ணுயிரியல் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் நுண்ணுயிரியல் துறையை நடத்தும் பேராசிரியர்களுக்கு வணக்கம்.

மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். உங்களிடம் படித்துவிட்டு நேர்முகத் தேர்வுக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பேசும் வேலையும் எனக்கு உண்டு. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நீட்டில் இடம் கிடைக்காத பிள்ளைகள் பலர், மருத்துவத்துக்குப் பக்கத்துப் படிப்பு என்று நம்பி பி.எஸ்சி. மைக்ரோபயாலஜியில் சேர்கிறார்கள். முடித்ததும் அரசு மருத்துவமனை லேபில் வேலை என்பது பெற்றோரின் கணக்கு. அந்த லேப் டெக்னீஷியன் பணிக்குக் கேட்பது மருத்துவ ஆய்வக நுட்பப் படிப்பு என்பது, மூன்று வருடமும் ஃபீஸ் கட்டி முடித்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. இதைச் சேர்க்கை நாளிலேயே பெற்றோரை உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். கேட்டுவிட்டுச் சிலர் வேறு துறைக்குப் போகலாம். போகட்டும்.

கிடைக்கக்கூடிய வேலைகளையும் அன்றே சொல்லுங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கு 2011ஆம் ஆண்டு விதிகள் ஏற்கும் பட்டங்களில் நுண்ணுயிரியலும் ஒன்று. அது தெரியாமலே வங்கித் தேர்வுக்குப் படிக்கப் போனவர்களை எனக்குத் தெரியும். பால் பதப்படுத்தும் நிலையம், கடல் உணவு ஏற்றுமதி, குடிநீர்ப் பரிசோதனை, அசோஸ்பைரில்லம், ரைசோபியம் என்ற பாக்டீரியாக்களை வளர்க்கும் உயிர் உர நிலையம், அப்புறம் எங்களைப் போன்ற மருந்து ஆலைகள் என்று இடங்கள் இருக்கின்றன. ஆராய்ச்சிக்குப் போக விரும்பினால் எம்.எஸ்சி., பிஎச்.டி. என்று நீளும், அதையும் மறைக்க வேண்டாம்.

ஆனால் இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் கை பழகியிருக்க வேண்டும். ஊசி மருந்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் செய்யும் ஸ்டெரிலிட்டி சோதனையில் மாதிரியை 14 நாள் இன்குபேட்டரில் வைத்துக் கவனிக்கிறோம். ஏதாவது வளர்ந்துவிட்டால், கிருமி மருந்திலேயே இருந்ததா, சோதித்தவர் கையிலிருந்து புகுந்ததா என்று விசாரித்து முடிக்கும்வரை மொத்த பேட்ச்சும் நிற்கும். அதனால் நேர்முகத் தேர்வில் நான் முதலில் பார்ப்பது கையைத்தான்.

கிரிஸ்டல் வயலெட், அயோடின், ஆல்கஹால், சஃப்ரனின் என்று, பாக்டீரியாவைச் சாயத்தால் இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டும் கிராம் சாயமேற்றலை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். ஸ்லைடைக் கொடுத்துச் செய்யச் சொன்னால் தயங்கி நிற்கிறார்கள். ஆல்கஹாலைக் கொஞ்சம் கூடுதலாக ஓடவிட்டாலே ஊதாவாகத் தெரிய வேண்டிய கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவும் சிவந்துவிடும். எங்கே நிறுத்துவது என்பது செய்து செய்துதான் வரும். “பிராக்டிகலில் எங்கள் குரூப்பில் ஒருத்தர்தான் செய்வார் சார், மற்றவர்கள் பார்ப்போம்” என்றாள் ஒரு பெண். நல்ல மதிப்பெண் வாங்கியவள். அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

மாணவர் கையில் வேலையைக் கொடுத்ததற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, ரத்த மாதிரிகளை நேரில் போய் எடுத்தவர் அவரிடம் முதுகலை படித்துக்கொண்டிருந்த நிர்மலா. வேலூர் சி.எம்.சி.யில்தான் அவை சோதிக்கப்பட்டன. அவர்கள் மருத்துவர்கள், பி.எஸ்சி. வேறு என்பது சரிதான். ஆனாலும் ஒரு மாணவியை நம்பி அவ்வளவு பெரிய வேலையை ஒப்படைத்த ஆசிரியர் ஒருவர் நம் ஊரில் இருந்திருக்கிறார்.

ஒவ்வொரு மாணவரும் கிருமி வளர்க்கும் சத்துக் கலவையான மீடியாவைத் தானே தயாரித்து, நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் வைத்து எடுத்து, மாதிரியைத் தட்டில் கோடிழுத்துத் தனித்தனிக் காலனி (கிருமித் திட்டு) எடுத்துக் காட்டினால்தான் பிராக்டிகல் மதிப்பெண் என்று வையுங்கள். மீடியா விலை எனக்கும் தெரியும். மாதிரிகளுக்காவது செலவில்லை: தயிர், இட்லி மாவு, தோட்டத்து மண். ஹாஸ்டல் தண்ணீரை மாதாமாதம் அவர்களே சோதிக்கட்டும். குடிநீர் என்றால் 100 மில்லியில், மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது. முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். கடைசி செமஸ்டரில் ஏதாவது ஒரு தொழில் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

செய்து காட்ட ஆள் வேண்டுமென்றால் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுங்கள். சனிக்கிழமைகளில் நான் வருகிறேன்.

அன்புடன்,
தரக்கட்டுப்பாட்டு ஆய்வகப் பணியாளர் ஒருவர்