பச்சைக் குப்பாவுக்கு முன் ஒரு நிமிடம்: எங்கள் ஜமாஅத் நிர்வாகிகளுக்கு

மதிப்பிற்குரிய முத்தவல்லிக்கும் நிர்வாகிகளுக்கும், அஸ்ஸலாமு அலைக்கும்.

புதுப் பள்ளிவாசலுக்கான வசூல் நோட்டீஸ் என் கைக்கும் வந்தது. இடம் போதவில்லை என்பதில் எனக்கு மறுப்பில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குத் தெருவில் பாய் விரித்தவர்களில் நானும் ஒருவன். உறுத்துவது நோட்டீஸில் இருக்கும் படம். பச்சைக் குப்பா (குவிமாடம்), நான்கு மினாரா (கோபுரம்), முகப்பு முழுக்கக் கண்ணாடி. இதே படத்தை வேறு இரண்டு ஊர் நோட்டீஸ்களிலும் பார்த்துவிட்டேன், ஊர்ப்பெயர்தான் வேறு.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் இடநெருக்கடியால்தான் புதுப் பள்ளிவாசல் எழுந்தது. 2019இல் திறந்தார்கள், சுமார் 1,000 பேர் தொழலாம். வடிவமைத்தவர்கள் லண்டன் ஐ ராட்டினத்தைத் தந்த மார்க்ஸ் பார்ஃபீல்டு நிறுவனத்தார். மினாரா வைக்கவில்லை. மரத்தூண்கள் மேலே போகப்போகக் கிளை பிரிந்து, ஒன்றோடொன்று பின்னிக் கூரையைத் தாங்குகின்றன. அந்நாட்டுப் பழைய தேவாலய விதானங்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. கூரைச் சாளரங்கள் வழியே பகல் வெளிச்சம் இறங்குகிறது. மழைநீரைக்கூட வீணாக்காமல் தோட்டத்துக்கு விடுகிறார்கள்.

குளிர்நாட்டுக் கட்டடத்தை இங்கே நகலெடுக்கச் சொல்லவில்லை; அது இன்னொரு நோட்டீஸ் படமாகிவிடும். அவர்கள் தங்கள் ஊரைப் பார்த்துக் கட்டினார்கள், அவ்வளவுதான். நமக்குப் பார்க்க என்ன குறை? கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய பள்ளிவாசல்களுக்கு ஒரு நடை போய் வாருங்கள். கருங்கல் தூண்கள், தட்டையான கல் கூரை, தூணில் பூவும் கொடியும். உருவம் இல்லை என்பதைத் தவிர, கோயில் மண்டபம் கட்டிய அதே கைவேலை. குப்பா இல்லாததால் அங்கே யாருடைய தொழுகையும் குறைந்துபோகவில்லை.

நம் பள்ளியின் வாசல் கிழக்கே. அங்கே கண்ணாடிச் சுவர் வைத்தால் காலை வெயில் முழுவதையும் உள்ளே வாங்கிச் சேர்த்துவைக்கும். சித்திரை மாதம் நண்பகல் லுஹர் தொழுகைக்கு வருகிறவர் அடுப்பங்கரையில் நுழைந்த மாதிரிதான் நிற்பார். பிறகு ஏசி, அதற்கு மின்கட்டணம், அதற்கும் ஒரு வசூல்.

பெண்கள் தொழ இடம் எங்கே என்று என் மகள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கும் கண்ணில் படவில்லை.

பழைய பள்ளியை இடிப்பதற்கு முன் வரைபடத்தை ஜமாஅத் கூட்டத்தில் வையுங்கள். பொறியாளரும் வரட்டும், பெண்களும் வரட்டும். பழைய கல் தூண்கள் பதினாறையும் எண்ணி வைத்திருக்கிறேன். அவற்றைப் புதுக் கட்டடத்தில் எங்கே நிறுத்தப்போகிறீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. ஹவுளை, அதாவது தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்யும் தண்ணீர்த் தொட்டியை, மூடி குழாய் வரிசை வைக்கும் யோசனை இருந்தால், அதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
முப்பது வருடமாக அந்த ஹவுளில் ஒளு செய்யும் ஒருவன்