பக்கத்துக் கடைக்கு வந்த புதுத் திரை உங்களுக்கு எப்போது?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"புரசைவாக்கத்தில் என் மச்சான் கடையில் பில் போடும்போதே ஆளுடைய பழைய பாக்கி தெரிகிறது. எனக்கு மட்டும் ஏன் பழைய திரை? நானும் அதே சந்தாதானே கட்டுகிறேன்?" போன வாரம் இப்படிப் பல போன்கள். நியாயமான கேள்விதான்.

உண்மையில் அந்தப் பாக்கித் திரை உங்கள் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. அணைத்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். வீட்டுக்குத் தளம் போடும்போதே ஃபேன் கொக்கியும் வயர்க் குழாயும் வைத்துவிடுகிறோம் இல்லையா, ஃபேன் அப்புறம் வந்தாலும்? அது மாதிரி. ஒரு வசதியைப் போடவும் அணைக்கவும் நிரலுக்குள் நாங்கள் வைக்கும் இந்த சுவிட்சுக்கு எங்கள் தொழிலில் ஃபீச்சர் ஃப்ளாக் என்று பெயர்.

முன்பெல்லாம் அப்டேட் என்றால் எல்லாக் கடைக்கும் ஒரே ராத்திரியில் போகும். ஓர் ஆடித் தள்ளுபடி சனிக்கிழமை, 2 அங்குல ரோல் பிரிண்டர் வைத்திருந்த கடைகளில் மொத்தத் தொகை பாதி வெட்டுப்பட்டு அச்சானது. பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றுவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. தப்பு எங்களுடையது, வரிசையில் நின்றவர்களிடம் சமாதானம் சொன்னது நீங்கள். இப்போது அப்படி ஏதாவது ஆனால், எதையும் திரும்ப ஏற்ற வேண்டாம். சுவிட்சை அணைத்தால் பழைய திரை வந்துவிடும்.

அதனால்தான் முதலில் சில கடைகள், பிரச்சினை இல்லையென்றால் இன்னும் சில என்று போகிறோம். சுவிட்ச் கடைக்கு ஒன்று, கல்லாவுக்கு ஒன்று அல்ல. ஒரே கடையில் ஒரு கல்லா புதுசு, இன்னொன்று பழசு என்றிருந்தால் பில் போடும் பையன்களுக்குத் தலை சுற்றிவிடும். மாற்றுவதும் கடை திறப்பதற்கு முன்புதான். நெட் போனாலும் பயமில்லை. கடைசியாக இருந்த நிலையை உங்கள் கம்ப்யூட்டரே நினைவில் வைத்திருக்கும்.

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி மாறியது நினைவிருக்கும். குளியல் சோப்புக் கட்டி, ஷாம்பு, பற்பசை 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. புது விகிதங்களை முன்கூட்டியே அனுப்பி, தேதியோடு கட்டிய சுவிட்சில் வைத்திருந்தோம். அந்த சுவிட்ச் பார்ப்பது பில்லின் தேதியை, இன்றைய தேதியை அல்ல. 20ஆம் தேதி வாங்கிய ஷாம்புவை 23ஆம் தேதி திருப்பிக் கொண்டுவந்தால் பழைய 18-ல்தானே கழிக்க வேண்டும்!

சுவிட்சுகளை அப்படியே விட்டுவைப்பதும் ஆபத்து. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம், பழைய வேலைக்கு வைத்திருந்த ஒரு ஃப்ளாக்கைப் புது வேலைக்கு எடுத்தது. 8 சர்வர்களில் ஒன்றுக்குப் புது நிரல் போய்ச் சேரவில்லை. அதில் பழைய நிரல் விழித்துக்கொண்டது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். நம் கணக்கு அவ்வளவு பெரிசில்லைதான். இருந்தாலும் ஒரு வசதி எல்லாக் கடையிலும் நிலைத்தபின் அதன் சுவிட்சையும் பழைய திரையையும் நிரலிலிருந்தே நீக்கிவிடுகிறோம். பழைய திரைதான் வேண்டும் என்று சிலர் கேட்கும்போது எங்களால் முடியாமல் போவது இதனால்தான்.

பாக்கித் திரை உடனே வேண்டுமென்றால் வழக்கமான சப்போர்ட் எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள், மறுநாள் காலை திறந்துவிடுகிறோம். கல்லாவில் புது ஆள் சேர்ந்திருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள் என்றாலும் சரி. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும், யார் கேட்டாலும், எந்தப் புது சுவிட்சையும் போட மாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் பில்லிங் மென்பொருள் குழு,
சென்னை