கடலில் நிற்கும் படகுக்கு யார் சொல்வது? வயர்லெஸ் செட் வாங்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் ஊர் ஃபைபர் படகுகள் 64-க்கும் வயர்லெஸ் செட் வாங்குவது, ஏலக்கூடத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஒரு கோபுரமும் அபாயச் சங்கும் வைப்பது என்று போன மாதம் ஊர்க்கூட்டத்தில் முடிவானது. அந்த வேலைக்கென்று அமைத்த கமிட்டியின் சார்பில் உள்ளூர்க்காரர்களுக்கும், சென்னை, சிங்கப்பூர், வளைகுடா என்று வெளியே வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறோம்.

"புயலென்றால் டிவியிலேயே சொல்லிவிடுகிறானே, இது எதற்கு?" என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டார். நியாயமான கேள்விதான். புயல் மூன்று நாளைக்கு முன்பே தெரிந்துவிடும். படகை மேட்டுக்கு ஏற்றலாம், வலையைச் சுருட்டி உள்ளே வைக்கலாம். கடலடியில் நிலம் அதிர்ந்து சுனாமி எழுந்தால் அந்த வசதி கிடையாது.

2004 டிசம்பர் 26 காலை 6.29-க்குச் சுமத்ராவுக்கு மேற்கே கடலடி நிலம் உடைந்தது. அதிர்வின் அளவு 9.1. நாகைக் கரையை அலை தொட்டது ஏறக்குறைய 9 மணிக்கு. நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது. அந்த நேரம் முழுக்க நம் பெண்கள் கூடையோடு கரையில் படகுக்குக் காத்திருந்தார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள்.

எங்கள் கமிட்டியில் இருக்கும் பெரியவர் ஒருவர் அன்று இருபது பாகத் (ஒரு பாகம் ஆறடி) தண்ணீரில் வலை வாங்கிக்கொண்டிருந்தார். படகு மெள்ள எழும்பி மெள்ள இறங்கியதாம். வலை திடீரென்று ஒரு பக்கமாக இழுத்தது, தண்ணீர் கலங்கியது. நீவாடு (நீரோட்டம்) மாறுகிறது என்று நினைத்து மிச்ச வலையையும் வாங்கிக்கொண்டு கரைக்குத் திரும்பினார். முதலில் ஓர் ஐஸ் பெட்டி மிதந்து வந்தது. பிறகு கீற்று, பிறகு ஒரு பள்ளிக்கூடப் பை. அதற்கு மேல் என்ன பார்த்தார் என்று அவர் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

கடலில் தெரியாத அலை கரையில் எப்படி அப்படி அடித்தது? ஆழத்தில்தான் கணக்கு இருக்கிறது. அன்று நடுக்கடலுக்கு மேலே போன ஜேசன்-1 செயற்கைக்கோள் அளந்த அலை சுமார் 60 சென்டிமீட்டர்தான். நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் அந்த அலை மணிக்கு 700 கிலோமீட்டர் ஓடும். பத்து மீட்டர் ஆழத்துக்கு வந்தால் 36 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். முன்னால் போகிற தண்ணீர் தயங்கும்போது பின்னால் வருவது அதன் மேல் ஏறுகிறது. அதனால் ஆழத்தில் நிற்கிற படகுக்கு ஆபத்து குறைவு, கரைக்கு ஓடி வருகிற படகுக்குத்தான் அதிகம். இதைச் சொல்ல அன்று ஆளில்லை.

துறைமுகத்துக் கதை வேறு. கடுவையாற்று முகத்துவாரத்தில் கட்டியிருந்த விசைப்படகுகள் அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்ததை நம்மில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறோம். அலை ஒரு தடவை வந்துவிட்டுப் போவதும் இல்லை. துறைமுகத்துக்குள் அகப்பட்ட தண்ணீர் அண்டாவில் ஆடுவது போல மணிக்கணக்கில் ஆடும். அதே நாளில் ஓமன் நாட்டுச் சலாலா துறைமுகத்தில் 285 மீட்டர் நீளக் கன்டெய்னர் கப்பல் ஒன்று, முதல் அலை வந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆன பிறகு, கட்டுக் கயிறுகளை அறுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. கப்பலுக்கே அந்தக் கதி. அடங்கிவிட்டது என்று நினைத்துப் படகை அவிழ்க்கப் போகிற ஆளுக்கு என்ன ஆகும்?

(நிலமே மேலேறிவிடுவதும் உண்டு. 2024 புத்தாண்டு அன்று ஜப்பானின் நோட்டோ கரையில் சில மீன்பிடித் துறைமுகங்களின் அடித்தரை உயர்ந்து, படகுகள் மிதக்கத் தண்ணீர் இல்லாமல் தரைதட்டி நின்றன. அந்தமானின் வடகோடியில் 2004-இல் கரை உயர்ந்தது, நிக்கோபாரின் இந்திரா முனையில் தாழ்ந்தது. உடைப்பு நமக்குத் தொலைவில் இருப்பதால் இந்தக் கவலை மட்டும் நமக்கு இல்லை.)

எப்போதோ ஒரு முறை நடந்தது என்று விட்டுவிடவும் முடியாது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் பக்கம் நிலம் அதிர்ந்தபோது எழுந்த அலையை நாகப்பட்டினத்து அலைமானி அப்போதே பதிந்திருக்கிறது. சிறிய அலை, ஆட்சேதம் இல்லை, அதனால் யாரும் நினைவில் வைக்கவில்லை.

இன்று 2004 போல இல்லை என்பதும் உண்மை. ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ரா பக்கம் 8.6 அளவில் அதிர்ந்தபோது தகவல் கரைக்கு வந்துவிட்டது. ஊரே மேட்டுக்கு ஓடியது. ஆனால் கடலில் நின்ற நம் ஆட்களுக்குச் சொல்ல வழியில்லை, போனில் சிக்னல் இல்லை. ஊர் காலியாகிக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு படகுகள் மீனோடு கரைக்கு வந்து, ஏலம் எடுக்க ஆளைக் காணோமே என்று நின்றன. நிலம் மேலும் கீழுமாக அசையாமல் பக்கவாட்டில் நழுவியதால் அன்று பெரிய அலை எழவில்லை. அதனால்தான் இப்போது சிரித்துக்கொண்டே இதைச் சொல்ல முடிகிறது.

கரை வரை வந்த தகவலைக் கடலுக்குக் கொண்டுபோவது நம் பொறுப்பு. அதற்குத்தான் இந்தச் செட்.

கணக்கு இது. தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும் கைச்செட் ஒன்று 14,500 ரூபாய்; 64 படகுக்கு 9,28,000. கோபுரம், கரைச்செட், சோலார் பேட்டரி 2,10,000. சங்கு 85,000. மொத்தம் 12,23,000. இதில் தலைக்கட்டுக்கு (குடும்பத்துக்கு) ஆயிரம் வீதம் 436 தலைக்கட்டு வரி வந்துவிட்டது. படகுக்காரர்கள் ஆளுக்கு 3,500 தருகிறார்கள், உரிமக் கட்டணமும் அவர்களுடையது. மீதி 5,63,000 ரூபாய் குறைகிறது. அதைத்தான் உங்களிடம் கேட்கிறோம். ஒரு செட்டின் முழு விலையைத் தருகிறவர்கள் எந்தப் படகுக்கு என்று சொல்லலாம்; அப்பன் பேரில், அண்ணன் பேரில் தரலாம். நூறு ரூபாய் தந்தாலும் ரசீது உண்டு.

கரைச்செட்டில் முறை போட்டு உட்கார இளைஞர்கள் பதினான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், நான்கு பேர் பெண்கள். ஆபத்து அழைப்புக்கான பதினாறாம் சேனலை இரவும் பகலும் கேட்பது அவர்கள் வேலை. சம்பளம் இல்லை, டீ மட்டும் கமிட்டி செலவு.

வங்கிக் கணக்கு விவரம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது. நேரில் தருகிறவர்கள் மாலை 5 மணிக்கு மேல் ஏலக்கூடத்துக்கு வரலாம். வரவு செலவை மாதக் கடைசி ஞாயிறன்று கோயில் பலகையில் ஒட்டுவோம். ரசீதில் கமிட்டி முத்திரை இல்லையென்றால் யார் கேட்டாலும் பணம் கொடுக்க வேண்டாம், எங்களில் ஒருவரே வந்து கேட்டாலும் சரி.

இப்படிக்கு,
வயர்லெஸ் கமிட்டியார்